வெறும் தண்ணீர்

எங்கள் உர்கெஞ்ச் நகர அதிமதுரத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் குரோமட்டோகிராப் ஒன்றுதான். அதற்குக் குழலும் ஒன்றுதான். ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதல் நீளம், எஃகு, உள்ளே இறுக்கி அடைத்த பொடி. வேர்ச்சாற்றை அதன் வழியே தள்ளினால் சாற்றில் உள்ளதெல்லாம் பிரிந்து, தாளில் தனித்தனிச் சிகரங்களாக விழும். அந்தத் தாள் இல்லாமல் ஒரு மூட்டைகூட ரயிலேறாது. புதுக் குழல் வர இரண்டு மாதம் ஆகும்.

செவ்வாய்க்கிழமை காலை சிகரங்கள் எல்லாம் தொடக்கத்திலேயே ஒரே குவியலாக விழுந்தன. எனக்கு வந்ததே கோபம். முதல் நாள் கடைசியாக இயந்திரத்தைத் தொட்டவள் சதாகத். பருத்திவிதை எண்ணெய் ஆலையிலிருந்து வந்தவள். வெள்ளிக்கிழமையோடு அவளுடைய மூன்று மாதச் சோதனைக் காலம் முடிகிறது. எண்ணெய் ஆலையில் எதற்கெடுத்தாலும் ஹெக்சேன் என்ற கரைப்பான்தான். அது தண்ணீரோடு சேராது, எங்கள் குழலில் விட்டால் வேலை கெட்டது.

"ஹெக்சேன ஊத்தித் தொலைச்சியா? எண்ணெய் ஆலைப் புத்தி எங்கடி போகும்?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

"இல்ல மஸ்தூரா அக்கா. நீங்க சொன்ன மாதிரி தண்ணிதான் விட்டேன்."

"வாய் வேறயா உனக்கு?"

சொன்னது நான்தான். வேலை முடிந்ததும் சாற்றைத் தள்ளும் கலவையிலுள்ள உப்பைக் கழுவ, அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானைத் தண்ணீரில் கலந்து ஓடவிடுவது வழக்கம். அது தீர்ந்துகொண்டிருந்தது. மிச்சம் பிடிக்கலாமே என்று, திங்கட்கிழமை வெறும் தண்ணீரில் கழுவி நிறுத்தச் சொல்லியிருந்தேன். போயும் போயும் தண்ணீர், அது என்ன செய்துவிடும் என்று நினைத்தேன்.

இங்கே எது கெட்டாலும் விளக்கக் கடிதம் எழுதியாக வேண்டும். சதாகத் எழுதினாள். மேலாளர் ரோஸ்மத் அண்ணன் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. சொந்த விருப்பத்தில் விலகுகிறேன் என்று இன்னொன்று எழுதச் சொன்னார். வியாழக்கிழமை அதையும் எழுதிக் கொடுத்தாள். இரண்டு பிள்ளைகள், ரஷ்யாவுக்கு வேலைக்குப் போன புருஷனிடமிருந்து ஆறு மாதமாக ஒரு தகவலும் இல்லை. எல்லாம் தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை, குழலைக் கழித்துக்கட்டும் பத்திரம் என் தலையில் விழுந்தது. கழிக்கிற குழலையும் மெத்தனால் நிரப்பித்தான் மூடுவோம். நிரப்பிய பிறகுதான், கெட்டதற்குச் சான்றாக ஒரு தாள் இணைக்க வேண்டுமே என்று உறைத்தது. முணுமுணுத்துக்கொண்டே படிப்படியாக வழக்கமான கலவைக்கு மாற்றி, சாற்றைச் செலுத்தினேன். சிகரங்கள் தனித்தனியாக, அழகாக வந்து நின்றன.

அப்போதுதான் புரிந்தது. அந்தப் பொடி எண்ணெய்ப் பசை கொண்டது. வெறும் தண்ணீரை விட்டு நிறுத்தினால் அதன் நுண்துளைகள் தண்ணீரை வெளியே தள்ளிவிடும். பிறகு சாறு உள்ளே நுழையாமல் மேலோடு ஓடிவிடும். மெத்தனால் பட்டால் மறுபடி நனையும். கல்லூரியில் படித்த பாடம்தான். ஹெக்சேன் போயிருந்தால் அழுத்தம் தாறுமாறாக ஆடியிருக்கும். அது ஆடவே இல்லை என்று செவ்வாய்க்கிழமையே பார்த்தேன். அவள்தான் என்று முடிவு கட்டிவிட்டதால் அதைக் கண்டுகொள்ளவில்லை.

தாளோடு ரோஸ்மத் அண்ணனிடம் போனேன்.

"குழல் பொழச்சுதா? அப்புறமென்ன, விடு. அந்தப் பொண்ணுதான் எழுதிக் குடுத்தாச்சே."

"தப்பு என்னுதுண்ணே. நான் சொல்லித்தான் செஞ்சா."

"கூடத்துத் தலைவி நீ. எழுதிக் குடுத்தா அந்தப் பதவி இருக்காது, பார்த்துக்கோ."

எழுதிக் கொடுத்தேன். அவளுடைய விலகல் கடிதத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

சதாகத் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தாள். எல்லார் முன்னாலும் சொன்னேன்: குழலைக் கெடுத்தது நான், கத்தினதும் நான், என்னை மன்னித்துவிடு.

அவள் கடிதத்தை வாங்கி நான்காகக் கிழித்தாள்.

"குழல் பொழைக்காமப் போயிருந்தா என்னக்கா பண்ணியிருப்பீங்க?"

பொய் சொல்ல நாக்கு வரவில்லை. "உன்ன அனுப்பியிருப்பேன்."

"திங்கக்கிழமை வேலைக்கு வர்றேன்," என்றாள். "ஆனா உங்ககூட உக்காந்து டீ குடிக்கமாட்டேன்."

இரண்டு வருடம் ஆகிறது. பக்கத்துப் பக்கத்து மேசை. இன்னும் அவள் தனியாகத்தான் குடிக்கிறாள்.