ரங்கநாதன் தெரு எலி

அடையாறில் ஒரு ஆராய்ச்சி நிலையம். அங்கே எலி வீட்டில் கூண்டு கழுவுவது என் வேலை. படித்தவர்கள் சொல்வதை நான் லேசில் நம்புகிறவன் இல்லை. விஜயலக்ஷ்மியம்மா சொன்னதையும் முதலில் நம்பவில்லை.

அந்தம்மா மயிலாப்பூர்க்காரர். எலியின் உடம்பில் ஃப்ளூ கிருமியை அடக்குகிற ஜீன் ஒன்று இருக்கிறதாம். அது எப்படிக் கோத்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவருடைய டாக்டர் பட்ட வேலை. எங்கள் வெள்ளை எலிகளுக்கு அது முழுசாக இல்லை.

"எலக்ட்ரிக் ட்ரெயின்ல மூணு பெட்டி கழண்டு போனா மாதிரி, பொன்னுரங்கம். அதான் காய்ச்சல் வந்தா செத்துப்போறது. ஆத்தங்கரையில உங்க வீட்டுக்கிட்ட புடிச்ச பழுப்பு எலிக்கு எல்லாப் பெட்டியும் இருக்கு."

"ஆத்தோரத்து எலிக்கு முழுசா கீது, ஏசி ரூம் எலிக்கு இல்லியா? நல்லா கீதும்மா நாயம்."

அந்தப் பழுப்பு எலியை வெள்ளை ஆணோடு சேர்த்துக் குட்டிகள் எடுத்திருந்தார். தாயின் ஜீனையும் குட்டிகளின் ஜீனையும் ஒப்பிட்டுவிட்டால் வேலை முடிந்தது.

ஒருநாள் காலையில் அவர் முகமே சரியில்லை. தாயின் வாலிலிருந்து மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தாராம். குட்டிகளோடு பொருந்தவே இல்லை.

"முதல்லேர்ந்தே தப்பாப் பண்ணிண்டிருக்கேன் போலிருக்கு. மூணு வருஷம். எங்க சார் நிறுத்தச் சொல்லிட்டார்."

என் மருமகன் லாரன்ஸும் அங்கேதான் தற்காலிக ஆள். சாயங்காலம் டீக்கடையில் அவனிடம் இதைச் சொன்னேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டான்.

"மாமா, யார்கிட்டயும் சொல்லாத. அந்த எலி தரையில ஓடிக்கினு இருந்துச்சு. வெளி எலின்னு அடிச்சு எரிச்சுட்டேன். அப்பால பாத்தா கூண்டு மூடி தொறந்து கீது."

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. எலி வீட்டுச் சட்டம் அது. தரையில் பழுப்பு எலி ஓடினால் வெளியிலிருந்து நோய் கொண்டுவந்தது என்று அர்த்தம். துடைப்பத்தால் அடித்து உடனே எரித்துவிட வேண்டும்.

"அப்போ இப்ப கூண்டுல கீறது இன்னா?"

"ரங்கநாதன் தெரு துணிக்கடை குடோன்ல வேல செய்ற அக்பர் பாஷா அங்க புடிச்சுக் குடுத்தான். எலிக்கு எலி. யாரு கண்டா?"

"அந்தப் பொண்ணு கண்டுச்சுடா. இன்னா கண்டோம்னுதான் அதுக்குத் தெரில."

"சொன்னா என் வேல பூடும் மாமா. தமிழ்நிலாவுக்கு மாசம் கிட்ட வந்துடுச்சு. உன் பொண்ணுதான அவ?"

மறுநாள் காலையில் அந்தம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

"உங்க மேல தப்பு இல்லம்மா. எலியே வேற."

முகம் கொஞ்சம் தெளிந்தது. "அப்போ தாய் எலி எங்க?"

"வெளி எலின்னு நெனச்சு லாரன்ஸ் எரிச்சுட்டான்."

கையிலிருந்த நோட்டை மூடி வைத்தார். பிறகு, "சார்கிட்ட சொல்லியாகணும். இல்லேன்னா என் வேலைதான் தப்புன்னு ஆயிடும்," என்றார்.

சொன்னார். தாய் எலி இல்லாமல் அவர் வேலை அப்படியே நின்றது. லாரன்ஸை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். அவனை அனுப்ப வேண்டாம் என்று அந்தம்மா கெஞ்சியதாக ஆபீஸில் சொன்னார்கள். நான் நம்பவில்லை.

வீட்டில் தமிழ்நிலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இன்னா நைனா, எலிதான் உனக்குப் பொண்ணா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ரங்கநாதன் தெரு எலி கூண்டுக்குள் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தது. அது யாருக்கும் வேண்டாம். வெளி எலி, சட்டப்படி அடிக்க வேண்டியது. லாரன்ஸ் இல்லாததால் துடைப்பத்தை என்னிடம் கொடுத்தார்கள்.