பூக்கட்டம் போட்ட நோட்டீஸ்

சிலமலை ஒச்சப்பன் அச்சகத்துக்குள் நுழைந்ததும், கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் போய் அதே தோரணையில்தான் உட்கார்ந்தார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த திருப்பதியின் அச்சகத்தில் நாற்காலி என்று இருந்ததே அது ஒன்றுதான். அவர் வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் இங்கேதான் அடிப்பார்கள். இந்தத் தடவை வந்த காரியம் இரண்டிலும் சேராதது. செத்துப்போன தம்பியின் மகன் அமாவாசையைக் காணவில்லை.

பையனுக்குப் பதினாறு வயது இருக்கும். பிறந்ததிலிருந்து பேச்சு வராது. ஏலக்காய் எடுக்க ஆள் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிற ஜீப்பைப் பார்த்தால் போதும், பின்னால் தொற்றிக்கொள்வான். டிரைவர்கள் கீழே வரும்போது கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிடுவார்கள். எழுபத்தெட்டாம் வருஷம் ஆடிச் சாரல் பிடித்த சமயத்தில் அப்படித்தான் ஏறிப் போனான், வரவில்லை. எஸ்டேட் எஸ்டேட்டாய்த் தேடிச் சலித்துவிட்டு, மலைப்பாதை நெடுக நோட்டீஸ் ஒட்டலாம் என்று முடிவு செய்திருந்தார்கள். படம் போடுவதென்றால் மதுரைக்குப் போய் பிளாக் எடுத்து வர வேண்டும், அதுவரை பொறுக்க யாருக்கும் தெம்பில்லை. பையனின் அம்மா இருளம்மாள் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள். மைத்துனர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குள் அவள் வருவது வழக்கமில்லை.

திருப்பதி மனசுக்குள் நோட்டீஸைப் போட்டுப் பார்த்துவிட்டான். சினிமா நோட்டீஸுக்கு வைத்திருந்த மரக்கட்டை எழுத்தில் உச்சியில் ‘காணவில்லை’. அதற்கு அடுத்த அளவில் பையன் பேர். வாய் பேசமாட்டான், கண்டால் சொல்லுங்கள் என்று கீழே இரண்டே வரி. மற்ற இடமெல்லாம் சும்மா கிடக்க வேண்டும். ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்க்கிறவன் கண்ணுக்கு அதற்கு மேல் எங்கே நேரம்? சுற்றிலும் வெறுமையாய் விட்டால்தான் நடுவில் இருப்பது எட்டிப் பிடிக்கும்.

ஒச்சப்பன் ஒத்துக்கொள்ளவில்லை. காணவில்லை என்று கொட்டை எழுத்தில் போட்டால் அபசகுனம் என்றார். வெள்ளைத் தாளும் வேண்டாமாம், கருமாதிக்கு அடிக்கிற மாதிரி இருக்குமாம். ரோஸ் தாளை எடுக்கச் சொன்னார். உச்சியில் பிள்ளையார் சுழி, அதன் கீழ் குலசாமி துணை. அப்புறம் தன் பேர் மரக்கட்டை எழுத்தில் வர வேண்டும். அதில் அவருக்குத் தற்பெருமை மட்டும் இருந்தது என்று சொன்னால் அது அநியாயம். மலையில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். நம்ம ஒச்சப்பன் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தால் தோளில் தூக்கிக்கொண்டு வந்து விடுவார்கள் என்று மனசார நம்பினார்.

“பேச முடியாத பய பேரச் சொல்லி எவன்யா தேடுவான்? எம் பேரப் பாத்தாத்தான் கொண்டாந்து விடுவான்” என்றார்.

திருப்பதி ஒரு தடவை எடுத்துச் சொல்லிப் பார்த்தான். ஒரே தடவைதான். வருஷம் முழுக்க வேலை கொடுக்கிற மனுஷர். இதற்குள் பையனின் தாய்மாமன்கள் பேர் விட்டுப்போனால் வீட்டில் சண்டை வரும் என்று ஞாபகம் வந்து, அவர்களையும் பெரியவர் சின்னவர் வரிசைப்படி அடியில் சேர்க்கச் சொன்னார். அமாவாசை நடுவில், பொடி எழுத்துப் பத்தியில், மூன்றாம் வரியின் கடைசியில் போய் ஒடுங்கினான். காணவில்லை என்பது ‘இன்னும் வீடு வந்து சேரவில்லை’ என்று ஆனது. தன் பேரைச் சுற்றி இடம் காலியாகக் கிடப்பதைப் பார்த்த ஒச்சப்பன், தாளுக்குக் காசு கொடுத்துவிட்டு அதை ஏன் சும்மா விட வேண்டும், பூ போடு என்றார்.

போட்டான். நாலு மூலையும் பிசகாமல் சேருகிற மாதிரி பூக்கட்டம் போட்டான். கொடுமை என்னவென்றால், வேலையில் கை வைத்ததும் அவனுக்கு எதற்காக என்பதே மறந்துபோனது. வரிகள் நடுவில் கச்சிதமாய் நிற்க, எழுத்துக்கு எழுத்து மை ஒரே சீராய் ஏற, முதல் தாளை உருவித் தூக்கிப் பார்த்தபோது, அழகாக இருக்கிறது என்றுதான் நினைத்தான். சந்தோஷமாகக்கூட இருந்தது.

மறுநாள் நோட்டீஸ் கட்டு வாங்கிப் போக இருளம்மாள் வந்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. மேலாக இருந்த தாளை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“அவன் பேரு நல்லாத் தெரியுதா தம்பி?”

“நல்லாத் தெரியுதுக்கா” என்றான் திருப்பதி.

ஒன்றை மட்டும் மடிக்காமல் சுருட்டித் தனக்கென்று எடுத்துக்கொண்டு போனாள்.

ஜீப் டிரைவர் வீரணன்தான் வழி நெடுக நோட்டீஸ் ஒட்டியவன். தேவாரத்துக்காரன், அவனுக்கும் வாசிக்கத் தெரியாது, கட்டைக் கொடுத்தார்கள், ஒட்டினான். சாரல் ஓயும் நேரத்தில் அவன் அச்சகத்துக்கு வந்து நின்றான். முகம் சரியில்லை. மலை உச்சியில் போடி மெட்டுக்கு மேலே டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்ததை, கடைக்குப் புதிதாக வந்த ஆள் ஒருவன் முந்தின நாள்தான் பொழுது போகாமல் முழுக்க வாசித்திருக்கிறான். வாசித்துவிட்டு, வாய் பேசாத பையன் ஒருத்தன் இங்கே இருந்தானா என்று கேட்டிருக்கிறான்.

“அந்தச் சுவத்துக்குக் கீழதாண்ணே சாக்கப் போத்திக்கிட்டுப் படுத்துக் கெடந்திருக்கான். நா ஒட்டுனதுக்கு அப்புறம் ரெண்டு மூணு நாளு. கடைக்காரங்க டீ குடுத்திருக்காங்க. நோட்டீசப் பாத்துட்டு ஒச்சப்பன் வீட்டுல காதுகுத்துன்னு நெனச்சாங்களாம். யாரும் கிட்டப் போயி வாசிக்கல.”

காய்ச்சலோடு இருந்தானாம். ஒரு விடியலில் மேற்கே போகிற லாரியில் ஏறிவிட்டான். எந்த லாரி என்று யாருக்கும் தெரியவில்லை.

வீரணன் போன பிறகு திருப்பதி கதவைச் சாத்திக்கொண்டு அழுதான். பிறகு மரக்கட்டை எழுத்துகளை எடுத்து, முதலில் மனசுக்குள் போட்ட நோட்டீஸை அப்படியே அடுக்கினான். யாரையும் கேட்கவில்லை. வெள்ளைத் தாளில், அகலத்துக்கு ‘காணவில்லை’. கீழே ‘அமாவாசை’. அதற்குக் கீழே இரண்டு வரி. இனி இதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அச்சு மிஷினை மிதிக்கிற காலுக்கே தெரிந்திருந்தது.

மேலே போகிற பஸ்ஸில் இருளம்மாளும் வந்தாள். பையன் அங்கே படுத்திருந்தான் என்பது வரைக்கும்தான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். சுவரோரம் அந்தச் சாக்கு இன்னும் கிடந்தது. அவள் அதன்மேல் உட்கார்ந்து, கையால் தடவிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே ரோஸ் தாள் சாரலில் வெளிறியிருந்தாலும், பூக்கட்டம் ஒரு பூ குறையாமல் அப்படியே இருந்தது. திருப்பதி அதன் பக்கத்தில் பசை தடவிப் புதுசை ஒட்டினான்.

அவள் எழுந்து வந்து இதில் அவன் பேர் எது என்று கேட்டாள். அவள் விரலைப் பிடித்து எழுத்தின் மேல் வைத்தான். அ என்றான். மா என்றான். நாலு எழுத்தையும் தடவி முடித்த பிறகு அவள் பழைய நோட்டீஸைத் திரும்பிப் பார்த்தாள். அதில் ஒச்சப்பன் பேர் இருந்த இடத்தைச் சுற்றி, பூவின் மேலேயே, பழகிய விரல் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

“இதுல அவன் பேரச் சுத்திப் பூவெல்லாம் போட்டு எம்புட்டு லட்சணமா அடிச்சிருந்த. தெனமும் வீட்டுல தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிருவேன். புதுசுல ஏன் தம்பி பூவக் காணோம்?”

திருப்பதியின் கையிலிருந்து பசை சொட்டிக்கொண்டிருந்தது. மலையாளத்துப் பக்கமிருந்து மஞ்சு இறங்கி வந்து, ரோட்டை மூடி, கடையை மூடி, அவன் அடித்ததிலேயே பெரிய எழுத்துகளை ஒவ்வொன்றாக மூடியது. முன்னால் ஒரு ஜீப் விளக்கைப் போட்டுக்கொண்டு, நிற்காமல் போனது.