ஒரு பல் தள்ளி

நாலு நாளாக இந்த வண்டிக்கு அடியில்தான் குடித்தனம். மேலே மூன்று அங்குலம் தூக்கிக் கட்டிய ஃபோர்வீல் டிரைவ் வண்டி, கீழே வீட்டோடு மாப்பிள்ளையாகிய நான்.

அறுபதைத் தொட்டால் வண்டி ஆடுகிறது. ஸ்டியரிங் அல்ல, சீட்டுக்கு அடியில் ஆடுகிறது. நியூட்ரலில் போட்டு உருட்டினாலும் ஆடுவதால் இன்ஜின் மேல் பழி போட வழியில்லை. டயர்களை மாற்றிப் பார்த்தேன், பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீள ஷாஃப்ட்டின் கோணத்தைச் சரிசெய்தேன், அதன் இரு முனையிலும் உள்ள கிராஸ் ஜாயின்ட்டுகளைப் புதிதாகப் போட்டேன். ஆட்டம் அசைந்துகொடுக்கவில்லை.

வேறு ஊரில் ஒரு பெரிய பட்டறை என்னை ஃபோர்மேனாகக் கூப்பிட்டிருக்கிறது, தனி வீட்டோடு. எங்கள் பட்டறையின் முதலாளியான மாமனாரிடம் சொன்னபோது, "இந்த வண்டியைத் தூக்கிக் கட்டிக் கொடுத்துட்டுத் தாராளமா கிளம்புங்க மாப்ள" என்றார். இரண்டு நாள் போதும் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அந்த ஊர்க்காரர்கள் இரண்டு தடவை தள்ளிவைத்துவிட்டு, இன்று ஐந்து மணிக்குக் கடைசிப் பதில் கேட்டு போன் செய்வதாகச் சொல்லிவிட்டார்கள். எட்டு வருடமாக நான் எந்த ஸ்பேனரை எடுக்கிறேன் என்று கண்ணாடி அறையிலிருந்து பார்க்கிற மனிதரோடுதான் இரவுச் சாப்பாடும்.

நாலேகாலுக்கு ஷாஃப்ட்டை மறுபடி கழற்றினேன். அது இரண்டு பாதி. பல்லோடு பல் சேர்ந்து ஒன்றுக்குள் ஒன்று போகும். பிரிக்கும் முன் இரண்டுக்கும் சேர்த்து ஒரு கோடு போடுவோம். கோடும் கோடும் சேர்ந்தால், ஜாயின்ட்டைப் பிடிக்கும் கவட்டை மாதிரியான இரு முனைக் கவைகளும் ஒரே நேராக நிற்கும்; இல்லாவிட்டால் ஓடும்போது ஆட்டம்தான். பெயின்ட் நிற்காது என்று எங்கள் பட்டறையில் நெயில் பாலிஷ்தான். என் மனைவியின் பழைய சிவப்பு புட்டி டூல் பெட்டியிலேயே கிடக்கும்.

இத்தனை தடவையும் நான் கோட்டை நம்பி மாட்டியிருக்கிறேன். இந்தத் தடவை எரிச்சலில், கோட்டை விட்டுவிட்டுக் கவைகளைப் பார்த்தேன். கோடு சேர்ந்திருந்தது, கவைகள் நேராக இல்லை. ஒரு பல் தள்ளியிருந்தது. துணியால் துடைத்துப் பார்த்தேன். பின் பாதியில் என் சிவப்புக் கோடு. முன் பாதியில் இருந்தது மெரூன்.

என்னைப் பிடித்து வைக்க யாரோ கோட்டை மாற்றியிருக்கிறார்கள் என்று முதலில் மாமனாரைத்தான் மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். அப்போது ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரிலிருந்து மனைவி டீயோடு வந்தாள். தம்ளரைப் பிடித்த விரல்களைப் பார்த்தேன்.

"புதுக் கலர் நல்லா இருக்கு" என்றேன்.

அவள் நகத்தைப் பார்த்தாள், பிறகு ஷாஃப்ட்டை. "நீங்க கழற்றி வெச்சிருந்தப்போ கோட்டை அழிச்சு ஒரு பல்லுதான் நகர்த்தினேன். வண்டிக்கு ஒண்ணும் ஆகாதுன்னு தெரியும்."

"வர இஷ்டமில்லைன்னு என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேங்க. ரெண்டு தடவை. நீங்க போனைப் பார்த்துக்கிட்டே உம் போட்டீங்க."

எனக்கு ஞாபகமே இல்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது. ஒரு வண்டி எங்கே ஆடுகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடியவன் நான்.

கவைகளை நேராக்கி மாட்டி, ரோட்டில் எண்பது வரை விரட்டினேன். சீட் அசையவில்லை. திரும்பி வந்தபோது மாமனார் வாசலில் நின்றார்.

"எங்கே இருந்துச்சு மாப்ள?"

கவுண்டருக்குப் பின்னால் அவள் தலை குனிந்து நட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் தப்பா மாட்டிட்டேன் மாமா."

"அதான பார்த்தேன்" என்றார், சந்தோஷமாக. "சரி, இனிமே யாரு பிடிச்சு வைக்கப்போறா? கிளம்புங்க."

சட்டைப் பையில் போன் அதிர ஆரம்பித்தது. மணி ஐந்து. அவள் நட்டுப் பிரிப்பதை நிறுத்தினாள். போன் ஆடி அடங்கும்வரை கையில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு நின்றேன்.