பெட்டி இருக்கு

கேத்தல் கொதிக்கத் தொடங்கியதும் ஒட்சிசன் மெஷின் நின்றுபோனது. சும்மா நிற்கவில்லை. 'டப்' என்று ஒரு சத்தம் போட்டு, பின்பக்கத்தால் நூல் போல ஒரு புகையை விட்டு, ரப்பர் கருகிய மணத்தை அறை முழுக்கப் பரப்பிவிட்டுத்தான் நின்றது. றஊபின் கையில் தேயிலை டின் இருந்தது. கட்டிலில் கிடந்த மச்சான் அப்துல் மஜீத், காலடியில் இருந்த அக்கா, ஸல்ஹா ராத்தா, வாசலில் நின்ற அவர்களுடைய மகள் ஷிஃபானா மூவரும் முதலில் மெஷினைப் பார்த்தார்கள். பிறகு, பேசி வைத்தவர்கள் போல, றஊபைப் பார்த்தார்கள்.

"நான் ஒண்டும் செய்யல்ல," என்றான் றஊப்.

கேத்தலின் வயரும் மெஷினின் வயரும் ஒரே எக்ஸ்டென்ஷனில், நிக்காஹ் முடிந்த மாப்பிள்ளையும் பொம்பிளையும் போல ஒட்டிக்கொண்டிருந்தன.

"மாமா," என்றாள் ஷிஃபானா. "குசினில பிளக் இல்லையா?"

இருந்தது. ஆனால் இரவு முழுக்கக் கண்விழித்த ராத்தாவுக்கு, இருந்த இடத்திலேயே ஒரு தேத்தண்ணி கொடுக்க நினைத்தான். நல்ல எண்ணம்தான். நாற்பத்தாறு வயதுக்குள் றஊப் செய்த நாசங்கள் எல்லாமே நல்ல எண்ணத்தில் செய்தவை.

மஜீதின் நுரையீரல் இரண்டு வருடமாக இறுகிக்கொண்டே வந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். போன கிழமை ஆஸ்பத்திரியில் டொக்டர், இனித் தாங்கள் செய்ய ஒன்றுமில்லை என்றதும், "அப்ப அந்த ஒண்டுமில்லாததை வீட்டில செய்வம்" என்று வந்துவிட்டார். இப்போதும், அம்பியுலன்சுக்கு அடிக்கவா என்று ஷிஃபானா கேட்க, விரலை ஆட்டி வேண்டாம் என்றார். பள்ளிவாசல் இரவல் கொடுக்கும் இன்னொரு மெஷின் கிண்ணியாவில் ஒரு வீட்டில் இருந்தது. ஷிஃபானாவின் கணவர் வேனை எடுத்துக்கொண்டு ஓடினார். ஆனால் மஜீதின் உதடு நாவற்பழம் தின்ற நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. கிண்ணியாவுக்குப் போய் வரும்வரை தாங்காது.

அப்போதுதான் றஊபுக்குக் கழகத்தின் படகு ஞாபகம் வந்தது. அதில் ஒட்சிசன் இருக்கிறது.

கொட்டியாரம் சுழியோடிகள் கழகம் மச்சான் தொடங்கியது. கழகத்தின் பாதுகாப்பு விதிகளில் பாதி, றஊபால் உண்டானவை. சிலிண்டரின் வால்வைத் திறந்த பிறகே கடலில் குதிக்க வேண்டும் என்ற விதி அவனால் வந்தது. வயிறு முட்டப் புரியாணி சாப்பிட்டவன் அன்று இறங்கக்கூடாது என்பதும், கடலுக்கடியில் அடுத்தவனின் காலைப் பின்னாலிருந்து பிடித்து விளையாடக்கூடாது என்பதும் அவனால்தான். ஒவ்வொரு தடவையும் மச்சான் அவனைக் கழுத்துப் பட்டியில் பிடித்து மேலே கொண்டுவந்து, கரையில் வைத்து ஏசி, அடுத்த ஞாயிறு திரும்பவும் கூட்டிக்கொண்டு போனார். தான் உயிரோடு இருப்பது அந்த விதிகளாலும் அந்தக் கையாலும்தான் என்று றஊபுக்குத் தெரியும். அதை மச்சானிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் அதற்கும் ஒரு விதி போடுவார்.

முதலாவது விதி மட்டும் மச்சானின் சொந்த விதி. ஆழத்திலிருந்து அவசரப்பட்டு மேலே வருகிறவனின் இரத்தத்தில் குமிழி கட்டும். கரை சேரும்வரை அவனைத் தாங்குவது சுத்தமான ஒட்சிசன்தான். ஆகவே அது இல்லாமல் படகு அசையக் கூடாது. படகுக்குப் பொறுப்பானவர் செம்மஞ்சள் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து, எல்லாருக்கும் கேட்க, "பெட்டி இருக்கு" என்று சொல்ல வேண்டும். பிறகுதான் எஞ்சின்.

றஊப் மோட்டார் சைக்கிளில் கடற்கரைக்குப் பறந்தான். படகு சாமான் ஏற்றியபடி மணலில் நின்றது. ஒருவரையும் காணவில்லை, கடையடியில் பனிஸ் தின்றுகொண்டிருப்பார்கள். பெட்டியோ மோட்டார் சைக்கிளில் நிற்காது. மூடியைத் திறந்து சிலிண்டரையும் குழாயையும் மாஸ்க்கையும் மட்டும் எடுத்தான். பிறகு, ஒழுங்கான பிள்ளையாக, மூடியை மூடிக் கொளுக்கியும் போட்டான்.

சிலிண்டரைத் திறந்து மாஸ்க்கை வைத்ததும் மச்சானின் உதட்டில் நிறம் திரும்பியது. பழைய மெஷின் கொடுத்ததை விட இது பலமாகக் கொடுத்தது. கண்ணைத் திறந்து ராத்தாவைப் பார்த்து என்னவோ சொன்னார். ராத்தா சிரித்தாள். அந்த வீட்டில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனையோ நாள். றஊப் இங்கிதம் தெரிந்தவன் போல, கருகிய மெஷினைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய், அதன் முதுகைக் கழற்றி, ஒன்றும் விளங்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். இன்று படகுக்குப் பொறுப்பான டிலக்ஷனுக்குச் சொல்ல வேண்டும் என்பது மூளையின் ஏதோ ஒரு மூலையில் கிடந்தது. கைபேசி உள்ளே, கேத்தலுக்குப் பக்கத்தில் கிடந்தது.

"மாமா, வாப்பா வரட்டாம்."

மஜீத் சிலிண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் கழுத்தில் அவரே சுற்றிய சிவப்பு டேப்.

"இது... எங்கட."

"ஓம் மச்சான். சும்மா கிடந்திச்சு."

"இண்டைக்கு ஞாயிறு."

"நீங்க யோசிக்காதீங்க. பெட்டி இல்லாம அவனுகள் எப்பிடிப் போவானுகள்? உங்கட விதி..." றஊபின் வாய் அதோடு நின்றது.

"பெட்டி... எங்க?"

பெட்டி படகில் இருந்தது. மூடி மூடியபடி, கொளுக்கி போட்டபடி. இந்நேரம் டிலக்ஷன் அதன் மேல் கையை வைத்து, "பெட்டி இருக்கு" என்று சொல்லியிருப்பான்.

றஊப் கைபேசியை எடுத்து அடித்தான். மணி போனது. எடுக்கவில்லை. கடலில் ஏறினால் கைபேசிகள் எல்லாம் தண்ணீர் போகாத பைக்குள் போய்விடும். அதுவும் ஒரு விதி. அதுவும் றஊபின் கைபேசியால் வந்தது.

"எங்க இறங்குறாங்க?"

"சுவாமிமலை அடியில."

"ஆழம்." மஜீத் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "ரெண்டு பேர் புதுசு. கொண்டு போ."

"மற்ற மெஷின் வந்த உடன கொண்டு போறன் மச்சான். கொஞ்சம் பொறுங்க."

மஜீத் அவனோடு கதைப்பதை விட்டுவிட்டு மனைவியைப் பார்த்தார். ராத்தாவும் அவரைப் பார்த்தாள். முப்பத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு அதற்கு மேல் வசனம் தேவைப்படவில்லை. வாசித்தபடி தூங்கிவிட்ட மனிதரின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவதுபோல, அவள் மாஸ்க்கை மெல்லக் கழற்றினாள். வால்வைத் திருகி மூடினாள். குழாயைச் சுருட்டி றஊபின் கையில் வைத்தாள்.

"ஓடு."

ஓடினான். கடற்கரையில் மீன் இறக்கிக்கொண்டிருந்த இஹ்ஸானின் ஃபைபர் படகில், மீனோடு மீனாக ஏறினான். "ஆருக்குடா ஒக்ஸிஜன், மீனுக்கா?" என்று இஹ்ஸான் கேட்டான். றஊபின் முகத்தைப் பார்த்த பிறகு எஞ்சினை முழுக்க முறுக்கினான்.

கடலுக்குள் நீட்டி நின்ற சுவாமிமலைப் பாறையின் நிழலுக்குள் கழகத்தின் படகு நங்கூரம் போட்டு நின்றது. முதல் சோடி விளிம்பில் குந்தி, மாஸ்க்கைப் பிடித்தபடி, பின்புறமாக விழத் தயாராக இருந்தார்கள்.

"இறங்காதீங்கோ!"

"என்ன நானா?" என்றான் டிலக்ஷன்.

"பெட்டி இருக்கா?"

டிலக்ஷன் அதன் மேல் கையை வைத்தான். "இந்தா இருக்கு."

"திற."

திறந்தான். வெறும் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினான். பிறகு றஊபின் மடியில் இருந்த சிலிண்டரைப் பார்த்தான். அவனுடைய முகம் போன போக்கில், கெட்ட வார்த்தை ஒன்று தொண்டைவரை வந்து திரும்பிப் போனது தெரிந்தது.

"மஜீத் நானா எப்பிடி?"

"என்னைக் கலைச்சு விடுற அளவுக்குச் சுகமா இருக்கார். நீங்க இறங்குங்கோ. இறங்காட்டி எனக்குத்தான் ஏச்சு."

திரும்பி வந்தபோது ஒழுங்கை முனையிலேயே விளங்கிவிட்டது. வாசலில் ஒரு லாண்ட்மாஸ்டர் இழுவை வண்டி நின்றது. இரண்டு பேர் நீலப் பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கடுக்காக இறக்கிக்கொண்டிருந்தார்கள். றஊப் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, வேறொன்றும் செய்யத் தெரியாமல், ஒரு அடுக்குக் கதிரையை வாங்கிச் சுமந்துகொண்டு உள்ளே போனான். கிண்ணியாவிலிருந்து வந்த மெஷின், சுற்றிய பொலித்தீன் கழற்றாமல், விறாந்தையில் நின்றது.

அதற்குப் பிறகு அன்று முழுக்க அவன் எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டான். அந்தச் சிலிண்டர் இங்கேயே இருந்திருந்தால் மச்சான் இன்னும் கொஞ்சம் இருந்திருப்பாரா? கபன் துணி வெட்டிக்கொண்டிருந்த பள்ளிவாசல் ஹஸ்ரத், "ஒவ்வொருத்தருக்கும் தவணை எழுதியாச்சு மகன்," என்றார். பார்க்க வந்த டொக்டர், "அதை அப்பிடிச் சொல்லேலாது," என்று மணிக்கூட்டைப் பார்த்தார். இஹ்ஸான், "சும்மா இருடா," என்றான். எல்லாரும் அன்பானவர்கள். அன்பானவர்களிடம் ஒரு விசயத்தைக் கேட்டு அறிவது இவ்வளவு கஷ்டம் என்று றஊபுக்கு அன்றுதான் தெரிந்தது.

நடுப்பகல், ளுஹர் நேரம் சுழியோடிகள் வந்தார்கள். படகிலிருந்து நேரே வந்தவர்கள். தலைமயிர் காயவில்லை, முகத்தில் மாஸ்க் அழுத்திய வட்டம் மறையவில்லை. எட்டுப் பேரும் முற்றத்தில் ஒரே முத்திரை குத்தியவர்கள் போல வரிசையாக நின்றார்கள். டிலக்ஷன் பெட்டியைத் தூக்கி வந்திருந்தான். றஊபின் முன்னால் வைத்துத் திறந்து காட்டினான். "சிலிண்டரைத் தொட்டும் பாக்கல்ல, நானா. ஒண்டும் நடக்கல்ல. எல்லாரும் நல்லா ஏறினது."

ஒன்றும் நடக்கவில்லை. கிரேனிலும் சரி, கடலிலும் சரி, மச்சான் வாழ்நாள் முழுக்க உழைத்துச் சேர்த்தது அது ஒன்றைத்தான். அதைக் கண்ணாடி அலுமாரியில் அடுக்கிக் காட்டவும் ஏலாது. றஊப் எட்டு முகங்களையும் ஒன்றொன்றாகப் பார்த்தான். புதுப் பிள்ளைகளில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். தடிமனா, அழுகையா தெரியவில்லை. "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டான்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா அடக்கம். தொழுகை முடியும்வரை டிலக்ஷன் பள்ளிவாசல் மதிலோரம் எல்லாருடைய செருப்புக்கும் காவலாக நின்றான். பிறகு மையவாடி வரை சந்தூக்குப் பெட்டியின் ஒரு காலை, ஆரும் கேட்டும் கொடுக்காமல், தன் தோளிலேயே வைத்திருந்தான். மையித்தை வாங்கி வைக்க றஊப் குழிக்குள் இறங்கினான். கடலில் எப்போதும் மச்சான்தான் முதலில் இறங்குவார். கீழே நின்று, கையைக் காட்டி, அவனைக் கூப்பிடுவார். இன்று றஊப் கீழே நின்று இரண்டு கையையும் நீட்டினான். பாரம் மெல்ல வந்து கையில் சேர்ந்தது.

இருட்டி, மஃரிப் தொழுகைக்குப் பிறகு வீடு ஓய்ந்தது. வேற்று ஆண்களுக்கு முகம் காட்டாமல் ராத்தா இத்தா இருக்கும் அறைக்குள் ஆண்களில் தம்பி போகலாம். அவள் கட்டிலில் இல்லாமல், கீழே பாயில் இருந்தாள். காலையில் அந்தக் கலவரத்துக்கு நடுவில் ஆரோ ஊற்றிய தேத்தண்ணிக் கோப்பை, குடிக்காமல், ஆடை கட்டி ஜன்னலில் இருந்தது. கேத்தலும் அதே இடத்தில்.

"சாப்பிட்டியா?"

"ஓம். பக்கத்து ஆதிலா வீட்டால சோறு வந்தது." அவன் சுவரோடு சாய்ந்து இருந்தான். "ராத்தா, நீங்க என்னை ஏசல்ல."

"ஏச நேரம் எங்க கிடைச்சது?" என்றாள். "அந்தச் சிலிண்டர் வந்த பிறகு அவர் என்னோட கதைச்சார்டா. நாலு நாளாக் கதைக்கேலாமக் கிடந்த மனிசன்."

"என்ன சொன்னார்?"

"ஷிஃபானாட கலியாணப் புரியாணில உப்புக் கூடவாம்."

"ஏழு வருஷமாச்சே!"

"ஏழு வருஷமும் மனசுக்குள்ள வெச்சிருந்திருக்கார், பாரன்." அவள் முக்காட்டின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிப்பில் தொடங்கியது எதில் முடிந்தது என்று றஊப் பார்க்கவில்லை. "அந்த நேரம் எனக்கு நீ தந்தது. அஸருக்குப் பிறகு உனக்கும் துஆ கேட்டனான்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. றஊப் ஒரு பகிடியைத் தேடிப் பார்த்தான். கிடைக்கவில்லை.

"ராத்தா. நான் கொண்டு போகாட்டி... இருந்திருப்பாரா?"

தவணை என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தான்.

"ஓம்," என்றாள். "இருந்திருப்பார். மற்ற மெஷின் வரும்வரைக்கும் தாங்கியிருப்பார். அதோட ஒரு நாள், ரெண்டு நாள்."

அவள் 'ஆனால்' என்று எதையாவது சேர்ப்பாள் என்று காத்திருந்தான். அவள் சேர்க்கவில்லை.

"மாஸ்க்கைக் கழட்டினது நான்," என்றாள் பிறகு. "அது தெரிஞ்சுதான் கழட்டினனான். அவரும் தெரிஞ்சுதான் தலையைத் தூக்கித் தந்தவர். நீ ஓடினாய். அவ்வளவுதான்."

ஒழுங்கையில் ஒரு ஓட்டோ போனது.

"ஒரு தேத்தண்ணி போடு, றஊப். விடிஞ்சதில இருந்து வாயில ஒண்டும் வைக்கல்ல."

அவன் எழும்பிக் கேத்தலை எடுத்தான். எக்ஸ்டென்ஷனைத் தாண்டிக் குசினிக்குக் கொண்டு போனான். பிளக்கைச் செருகுவதற்கு முன்னால், மூடியைத் திறந்து உள்ளே பார்த்தான்.

தண்ணீர் இருந்தது.