அக்காவின் கம்ப்யூட்டரில் மட்டும்

கோபம் வந்தால் சின்னவளுக்குக் கண்மண் தெரியாது. பன்னிரண்டு நாளைக்கு முன்னால் அப்படித்தான் வந்தது. இருவரும் சேர்ந்து நடத்தும் தையல் கடையில் ஒரு வாடிக்கையாளர் முன்னால் அக்கா, இவளுக்குக் கை வேகம்தான், ஆனால் அளவு நிற்காது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். அன்று மாலை அக்கா மகளைப் பார்க்க வெளியூர் கிளம்பினாள். இவளோ இருவருக்கும் பொதுவாக இணையத்தில் இருந்த ஃபோல்டரைத் திறந்து அத்தனையையும் அழித்தாள். அப்படியும் ஆத்திரம் அடங்காமல், அழித்த ஃபைல்கள் போய்ச் சேரும் குப்பைத்தொட்டியையும் காலி செய்தாள்.

அழித்தது பதினோரு வருட உழைப்பு. கடையில் வாங்கும் சட்டை பொருந்தாத உடம்புகளுக்குத் துணி வெட்டும் படங்கள். ஒரு தோள் இறங்கியவர், சக்கர நாற்காலியில் இருப்பவர், கை தூக்க முடியாதவர் என்று நானூறு பேருக்கு. அதில் பாதி அவளே வரைந்தது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது மறுநாள்தான் உறைத்தது. அந்த இணையக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டாள். தொட்டியிலிருந்தும் போனால் போனதுதான் என்று பதில் வந்தது.

சின்னவள் கம்ப்யூட்டரில் எப்போதுமே வெறும் ஃபைல் பெயர்கள்தான். ஃபைல் இணையத்தில் இருக்கும். அக்கா அப்படியில்லை. ஒவ்வொன்றுக்கும் தன் கம்ப்யூட்டரிலும் ஒரு நகல் வைத்துக்கொள்வாள். அதற்காக இவள் செய்த கேலி கொஞ்சநஞ்சமல்ல. இப்போது மிச்சம் அந்த நகல் ஒன்றுதான். ஆனால் கம்ப்யூட்டரைப் போட்டு நெட் கிடைத்த நிமிடமே, அங்கே இல்லாதது இங்கே எதற்கு என்று அதுவும் அழிந்துவிடும். அக்கா வீட்டுச் சாவி இவளிடம் இல்லை. விஷயத்தைச் சொல்ல பன்னிரண்டு நாளும் போனை எடுத்து எடுத்து வைத்தாள். வாய் வரவில்லை.

இன்று காலை அக்கா வந்துவிட்டாள் என்று தெரிந்ததும் விழுந்தடித்து ஓடினாள். கதவு திறந்திருந்தது. அக்கா மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள், திரை எரிந்துகொண்டிருந்தது. சின்னவளுக்கு உயிரே போய்விட்டது.

"எல்லாத்தையும் நான்தான்க்கா அழிச்சேன்," என்றாள் வாசலிலேயே நின்று. "கோவத்துல பண்ணிட்டேன். உன்கிட்ட இருந்ததும் இப்ப போயிருக்கும்."

அக்கா திரும்பாமலே மேஜைக்குக் கீழே கையைக் காட்டினாள். நெட் கேபிள் பிடுங்கிச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டுக் கிடந்தது. ஊருக்குக் கிளம்பும் முன்பே பிடுங்கிவிட்டாளாம். ஃபோல்டர் காலியானதை அன்றே போனில் பார்த்தும்விட்டாளாம். திரையில் நானூறு படங்களும் இருந்தன. ஒவ்வொன்றாக இன்னொரு ஹார்ட் டிஸ்க்குக்குப் போய்க்கொண்டிருந்தன.

சின்னவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"சின்ன வயசுல என் நோட்டை எத்தனை கிழிச்சிருக்க. உன் கோவம் எனக்குத் தெரியாதா?" என்றாள் அக்கா. "அந்தக் கஸ்டமர் முன்னாடி அப்படிச் சொன்னது என் தப்புதான். ஆனா நீயா சொல்லுவியா மாட்டியான்னு தெரியாமத்தான், பன்னெண்டு நாளா போனையே பாத்துக்கிட்டு இருந்தேன்."