ஒன்பதாவது கட்டத்துப் பெரணிகள்

மேற்கு மலைக் காட்டில் மட்டுமே வளரும் பெரணி அது. வாள் போன்ற இலைகள், இடுப்பளவு உயரம். வனத்துறை ஆய்வுப் பிரிவில் இருந்த அவள், பதினோரு வருடமாக மாதம் ஒருமுறை மலையேறி, கயிறு கட்டிப் பிரித்த ஒன்பது கட்டங்களில் அதைக் கணக்கெடுத்து வந்தாள். "என் முகத்துல மச்சம் எங்க இருக்குன்னு கேட்டா முழிப்பா. பெரணிக்கு எத்தனை இலைன்னு கேளுங்க, தூக்கத்துலயும் சொல்லுவா" என்று அவள் கணவன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான்.

போன மழைக்காலத்தில், அடிவாரத்தை ஒட்டிய முதல் கட்டத்தில் குருத்துகள் சுருண்டபடியே கருகின. இரண்டே மாதத்தில் அங்கே வெறும் மண். அடுத்து இரண்டாவது, பிறகு மூன்றாவது. மண்ணையும் வேரையும் பையில் கட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினாள். வேரை அழுகவைக்கும் பூஞ்சை, ஈரமண்ணோடு ஒட்டிக்கொண்டு பரவும் என்று பதில் வந்தது.

அதற்குள் எட்டாவது கட்டமும் போய்விட்டது. அவள் வரைபடத்தை விரித்து, எந்தக் கட்டம் எப்போது கருகியது என்று தேதி போட்டுப் பார்த்தாள். அவள் நடக்கும் அதே வரிசை. நோய் ஓடையைக் கூட அவள் கடக்கும் இடத்தில்தான் கடந்திருந்தது. கதவோரம் கிடந்த பூட்ஸின் அடியில் போன மாதத்து மண் காய்ந்திருந்தது.

அதிகாரியிடம் போய் நின்றாள். "சார், இதைப் பரப்பினது நான்தான்."

பன்றி மிதித்திருக்கலாம், மழைத்தண்ணீர் கொண்டுபோயிருக்கலாம், எதையும் நிரூபிக்க முடியாது என்றார் அவர்.

உச்சியில் ஒன்பதாவது கட்டம் மட்டும் பாக்கி. அங்கே கால் வைக்கமாட்டேன் என்றாள். ஜீப் ஓட்டுநர் புது ரப்பர் பூட்ஸை மருந்துத் தண்ணீரில் கழுவிப் போட்டுக்கொண்டு, வேறு வழியாகத் தனியே ஏறினார். அவள் ஜீப்பிலேயே காத்திருந்தாள். மதியம் இறங்கி வந்தவர், தண்ணீர் குடித்து பாட்டிலை மூடினார்.

"அக்கா, பதினாலு செடி நிக்குது. எல்லாத்துலயும் குருத்து கறுத்திருக்கு."

அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் அவள் தன் பெயரை எழுதினாள். அதிகாரி அந்த வரியை மட்டும் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பதினாலும் கருகி, எண்ணுவதற்கு ஒன்றும் மிஞ்சாததால் அவளைக் கோப்பறைக்கு மாற்றினார்கள்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னாள். கணவன் கேலி பேசவில்லை. "நீ தெரிஞ்சா செஞ்ச?" என்றான்.

"தெரிஞ்சிருக்கணும். மாசாமாசம் போனவ வேற யாரு?"

அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். மறுநாளிலிருந்து, மலை கண்ணில் படாத தெருக்கள் வழியாகச் சுற்றிக்கொண்டு அலுவலகம் போனாள்.