தேடிப் பிடித்த குறை

ஞாயிறு இதழிலிருந்து தொலைபேசி வந்தபோது பல்செட் செய்பவர் ஒரு மேல்தாடை அச்சில் மெழுகை உருக்கி ஊற்றிக்கொண்டிருந்தார். பதினோரு வருடமாக அந்த இதழின் வாசகர் பகுதிக்கு எழுதிவருகிறவர். எழுதியதெல்லாம் ஒரே விஷயம், ஈரச்சுவர் என்ற ராக் குழு. அவர்களை ஏன் வானொலியில் போடுவதில்லை, ஏன் பெரிய மேடைக்குக் கூப்பிடுவதில்லை, காது என்று ஒன்று இருக்கிறவர்கள் எல்லாம் எங்கே போனார்கள் என்று கேட்டு எழுதுவார். பத்துக் கடிதம் போட்டால் ஒன்று அச்சாகும். அதிலும் தலையும் வாலும் போயிருக்கும்.

அன்று பேசியவர் இசைப் பக்கத்தைக் கவனிக்கும் ஆசிரியை.

"அவங்க மூணாவது ஆல்பம் வந்திருக்கு சார். இங்க அதைக் கேக்கக்கூட ஆள் இல்ல. நீங்களே விமர்சனமா எழுதிக் குடுங்களேன், நானூறு வார்த்தைக்குள்ள."

மெழுகு ஆறிக் கட்டியானது தெரியாமல் அவர் நின்றுகொண்டிருந்தார். பிறகு முதலிலிருந்து உருக்க வேண்டியதாயிற்று.

ஈரச்சுவரில் நான்கு பேர். பாட்டு எழுதிப் பாடுகிறவள் அக்கா. கிட்டார் வாசிப்பவன் அவளுடைய தம்பி. பேஸ் கிட்டாருக்கு ஒரு கணக்கு வாத்தியார். டிரம்ஸ்காரர் பகலில் லிப்ட் பழுதுபார்ப்பவர். ஓர் அச்சகத்தின் நிலவறையில் பயிற்சி செய்வார்கள். மழை வந்தால் அந்தச் சுவரில் கை வைக்க முடியாது, அதனால் அந்தப் பெயர். ஒரு சைக்கிள் கடைத் திறப்பு விழாவில்தான் இவர் அவர்களை முதலில் கேட்டார். வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாக ஒரு சைக்கிள் மணி கொடுத்தார்கள். வாங்கியவர்கள் மணியை அடித்துக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டார்கள். இவர் மட்டும் நாற்பது நிமிடம் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. அக்காவின் குரல் கரகரப்பாக, யாரோ பக்கத்து அறையிலிருந்து நம்மைத் திட்டுவதுபோலவும் கூப்பிடுவதுபோலவும் இருந்தது.

அவருடைய மனைவிக்குத் தபால் நிலைய கவுன்ட்டரில் வேலை. கணவரின் கடிதங்களுக்கு முத்திரை குத்துவதே அவர்தான். "அந்த நாலு பேரைப் பெத்தவங்ககூட இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டாங்க" என்பார்.

விமர்சனத்தை எழுதி முடித்ததும் மனைவியிடம்தான் முதலில் கொடுத்தார். அவர் அடுப்பைத் தணித்துவிட்டு, நின்றபடியே படித்தார்.

"கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு."

"ஏன், நல்லா இல்லையா?"

"எல்லாமே நல்லா இருக்குன்னு எழுதினா, சொந்தக்காரன் எழுதினதுன்னு நினைப்பாங்க. ஒரு குறையாவது சொல்லுங்க. அப்பத்தான் மத்ததை நம்புவாங்க."

அது அவருக்கு நியாயமாகப் பட்டது. குறை தேடி ஆல்பத்தை மறுபடி கேட்க ஆரம்பித்தார். நான்கு முறை கேட்டும் அகப்படவில்லை. ஐந்தாவது முறை, ஆறாவது பாட்டில், குரல் மேலே ஏறும் இடத்தில், நூலில் முடிச்சு விழுந்ததுபோல ஒரு சின்னத் தடங்கல் கேட்டது. உண்மையில் அந்த இடம் அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனாலும் எழுதினார்: 'ஆறாவது பாட்டில் அக்காவின் குரல் தடுமாறுகிறது. அங்கே பாட்டைத் தோளில் தூக்கி நடப்பது தம்பியின் கிட்டார்தான்.'

ஒரு வார்த்தையும் வெட்டாமல் அச்சிட்டார்கள். அவர் வேலை செய்யும் பல் ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் படித்தார்கள். பாலிஷ் இயந்திரத்தில் உட்காரும் பெண், "அந்தக் குறை சொன்னீங்க பாருங்க, அங்கதான் நீங்க நிக்கிறீங்க" என்றாள். அவருக்கு இரண்டு நாள் கால் தரையில் பாவவில்லை.

மூன்று வாரம் கழித்து, பேருந்து நிறுத்தத்துக்கு எதிர்ச் சுவரில் ஒரு சுவரொட்டியைப் பார்த்தார். கிட்டாரோடு தம்பி மட்டும் தனியாக நின்றான். கீழே பெரிய எழுத்தில், 'பாட்டைத் தோளில் தூக்கி நடப்பது இந்தக் கிட்டார்தான் - ஞாயிறு இதழ்.' ஒரு பெரிய ஒலிப்பதிவு நிறுவனம் அவனை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தது. ஒன்பது ஊர்களில் நடக்கவிருந்த ஈரச்சுவர் நிகழ்ச்சிகள் ரத்து என்று அதே வாரம் இதழின் மூலையில் இரண்டு வரிச் செய்தி வந்தது.

அவர் தமக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தார். உட்கார்ந்து கடிதம் எழுதினார். நிறுவனத்துக்கு, என் வாக்கியத்தைப் பாதியில் வெட்டிப் போட்டிருக்கிறீர்கள், தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்று எழுதினார். அச்சடித்த பதில் ஒன்று வந்தது. தங்கள் ஆதரவுக்கு நன்றி என்று சொல்லி, தம்பியின் முதல் நிகழ்ச்சிக்கு இரண்டு அனுமதிச் சீட்டுகளை வைத்திருந்தார்கள். இதழுக்கு, நான் எழுதியது தவறு, திருத்தம் போடுங்கள் என்று எழுதினார். ஆசிரியை தொலைபேசியில் பொறுமையாகத்தான் சொன்னார்.

"எழுத்துப் பிழைன்னா திருத்தம் போடலாம் சார். கருத்துக்கு எப்படிப் போடுறது?"

அக்காவுக்கும் எழுதினார். அச்சக முகவரிக்கு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று போய்க்கொண்டே இருந்தது. பதில் இல்லை. ஐந்தாவது கடிதத்தில், அந்தக் குறையே பொய், நம்பகமாக இருக்கட்டும் என்று நானாகத் தேடி ஒட்டவைத்தது என்று மனதைத் திறந்து எழுதி, வேலைக்குப் போகும் வழியில் பெட்டியில் போட்டார்.

அன்று மதியம் டிரம்ஸ்காரர் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். தோளில் கருவிப் பை, விரல்களில் கிரீஸ். வரிசையாக வைத்திருந்த பல்செட்டுகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, உங்க மேல கோவம் ஒண்ணும் இல்ல" என்று ஆரம்பித்தார்.

"அவங்க எப்படி இருக்காங்க?"

"தொண்டையில கட்டி. சின்னதுதான்னு டாக்டர் சொல்றாரு. ஆல்பம் பண்றப்பவே இருந்திருக்கு, எங்க யார்கிட்டயும் சொல்லல. ஒன்பது ஊரையும் பாடி முடிச்சிட்டு ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு இருந்திருக்கா. நிகழ்ச்சி ஏற்பாடு பண்ணினவரு உங்க விமர்சனத்தைப் படிச்சிட்டு, குரலுக்கு என்னம்மான்னு நேராக் கேட்டுட்டாரு. அவளுக்குப் பொய் சொல்ல வராது."

பல்செட் செய்பவர் கேட்டார்: "அந்தத் தம்பி ஏன் போயிட்டான்?"

"அவனைக் கூப்பிட்டவங்க உங்க வரியத்தான் காட்டினாங்களாம். அக்காதான் தன்னைத் தூக்கிட்டுப் போறான்னு சின்ன வயசிலேர்ந்து நினைச்சிட்டு இருந்தவன். அதைப் படிச்சதிலேர்ந்து அவன் வேற ஆளாயிட்டான்."

"நான் அவங்களுக்குக் கடிதாசி போட்டிருந்தேன்."

"அதுக்குத்தான் வந்தேன். ஒவ்வொண்ணையும் படிக்கிறா. படிச்சா அன்னிக்குப் பூரா எங்க மூஞ்சியக்கூடப் பாக்க மாட்டேங்கிறா." அவர் பையைத் தோள் மாற்றிக்கொண்டார். "இனிமே எழுதாதீங்கண்ணே. அவளுக்கும் வேணாம், அவளைப் பத்தியும் வேணாம், எங்கயும் வேணாம்."

"வேற நான் என்னதான் செய்யறது?"

"ஒண்ணும் செய்யாதீங்க. சத்தியமா அதுதான் உதவி."

சரி என்று வாக்குக் கொடுத்தார். டிரம்ஸ்காரர் படியிறங்கிய பிறகுதான் காலையில் போட்ட கடிதம் நினைவுக்கு வந்தது. மேலங்கியைக்கூடக் கழற்றாமல் தபால் நிலையத்துக்கு ஓடினார். கவுன்ட்டரில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். மனைவி அவர் முகத்தைப் பார்த்ததும் எழுந்து பின்வாசலுக்கு வந்தார். உள்ளே தபால் பை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அதை எப்படியாவது எடுத்துக் குடு."

"பெட்டியில விழுந்தப்புறம் அது உங்களோடது இல்லைங்க. அவங்களோடது."

"ஒரே ஒரு கடிதாசி. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல."

வண்டி வந்தது. பையின் வாயை மனைவிதான் பிடித்துக்கொண்டார், இன்னொருவர் முடிச்சுப் போட்டார். வண்டி கிளம்பும்வரை அவர் கணவர் பக்கம் திரும்பவில்லை.

அன்று மாலை துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி, மடித்த சட்டையையே பிரித்து மறுபடி மடித்தார்.

"குறை சொல்லுங்கன்னு சொன்னது நான்தானே" என்றார்.

கணவர் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு சட்டையை எடுத்து மடித்தார்.

பன்னிரண்டு நாள் கழித்து அக்காவின் பதில் வந்தது. பதினோரு வருடத்தில் அவளிடமிருந்து வந்த முதல் கடிதம். கோடு போட்ட தாளில் சின்னச் சின்ன எழுத்து.

'குறை பொய் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தை நான் பதினேழு முறை பாடினேன். பதினேழிலும் அது இருந்தது. என் தம்பிக்குக் கேட்கவில்லை, ஒலிப்பதிவு செய்தவருக்குக் கேட்கவில்லை. உங்களுக்குத்தான் கேட்டது. தயவுசெய்து அதையும் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள்.'

அதற்கு எழுத அவரிடம் எவ்வளவோ இருந்தது. தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டிரம்ஸ்காரருக்குக் கொடுத்த வாக்கு குறுக்கே நின்றது. தாளைத் திரும்ப உள்ளே வைத்தார்.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பேச்சு வந்தது, பாட்டு வரவில்லை. அச்சகத்திலேயே மேல்மாடியில் மெய்ப்புத் திருத்தும் வேலைக்கு அக்கா சேர்ந்துவிட்டதாக டிரம்ஸ்காரர் ஒருமுறை சொன்னார்.

தம்பியின் ஆல்பம் வந்தது. ஆய்வுக்கூட வானொலியில் அதிலிருந்து ஒரு பாட்டைப் போட்டார்கள். பிடிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். பிடித்துவிட்டது. அடுத்த வாரமே ஆசிரியை கூப்பிட்டு விமர்சனம் கேட்டார், உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார். பிறகு தம்பியே கூப்பிட்டான்.

"நீங்க எழுதலேன்னா நல்லா இல்லன்னு அர்த்தமா சார்?"

"இல்லப்பா. நல்லா இருக்கு."

"அதை எழுதலாமே."

உடம்பு சரியில்லை என்று அவனிடமும் சொன்னார். "அக்கா எப்படி இருக்கான்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டான். "அதை அவங்ககிட்டயே கேளுப்பா" என்றார். அவன் வைத்துவிட்டான்.

ஞாயிறு இதழில் விமர்சனத்தை வேறொருவர் எழுதியிருந்தார். 'ஈரச்சுவர் என்ற சுமாரான குழுவில், பாட வராத ஒரு பெண்ணுக்குப் பின்னால் நின்று வீணாகிக்கொண்டிருந்த கலைஞர்' என்று முதல் பத்தியிலேயே இருந்தது. காலை உணவு அப்படியே இருக்க, அதை மூன்று முறை படித்தார். மனைவி இதழை இழுத்துத் தாமும் படித்தார்.

"இதுக்காவது எழுதுங்க."

"வாக்குக் குடுத்திருக்கேன்."

"அவரையே கேட்டுப் பாருங்களேன்."

தொலைபேசியில் கூப்பிட்டபோது டிரம்ஸ்காரர் எங்கோ லிப்ட் ஏறியிறங்கும் கிணற்றுக்குள் வேலையாக இருந்தார். அவர் குரல் சுவரில் முட்டி முட்டி வந்தது.

"பாத்தோம். அவளும் படிச்சா."

"நான் பதில் எழுதட்டுமா? பேர் போட்டு எழுதுறேன். பதினோரு வருஷமா கேட்டவன்னு எழுதுறேன்."

டிரம்ஸ்காரர் ஸ்பேனரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"நீங்க எழுதினீங்கன்னா, உங்க பழைய விமர்சனத்தை எடுத்து எதிர்ல போடுவாங்கண்ணே. குரல் தடுமாறுதுன்னு அதுலயும் இருக்குல்ல."

தொலைபேசியை வைத்துவிட்டு அவர் வந்து உட்கார்ந்தார்.

"என்ன சொன்னாரு?" என்று மனைவி கேட்டார்.

"சரியாத்தான் சொன்னாரு" என்றார்.